அழுத்தம் கூடினால் வரி அகலும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் லேசர் அறைக்குள் போகாதீர்கள், மெயினை அணைக்காமல் எதிலும் கை வைக்காதீர்கள் என்பதையெல்லாம் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், வரும்போதே பார்த்தேன். அதைத் திரும்பச் சொல்ல, ஓய்வு பெற்ற ஒருத்தியை ஆட்டோ வைத்து அழைத்து வந்திருக்க வேண்டாம். சுவரில் ஒட்ட முடியாத ஒன்றைச் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில், ஒரு மார்கழி மாதம், ஸ்ரீரங்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி நடக்க ஆரம்பித்தது.

அப்போது எங்கள் ஆய்வுக்கூடம் திருச்சியில் ஒரு பழைய வீட்டில் இருந்தது. நாங்கள் மூன்று பேர். முதலாவது, எங்கள் தலைவர். அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் உங்களில் யாராவது அவருடைய பேரப்பிள்ளையாக இருக்கலாம் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். கையில் ஒன்றுமே இல்லாமல் கரியமில வாயு லேசர் ஒன்றைக் கட்டி எழுப்பியவர் அவர். உயர்மின்னழுத்தத்துக்கு டிரான்ஸ்பார்மர், மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையின் நியான் பலகையிலிருந்து வந்தது. வாயு, கலர் சோடா கம்பெனியிலிருந்து வந்தது. அதற்காக அவரை இன்றைக்கும் கும்பிடலாம். குறை ஒன்றுதான். பெரிய மனிதர் யாராவது பார்க்க வந்துவிட்டால் அவருக்குள் ஒரு பொருட்காட்சி திறந்துவிடும்.

இரண்டாவது நான். மேலப்புதூர் மாதா கோயில் பக்கத்துப் பெண், பெயர் பிலோமினா. மூன்றாவது ரங்கராஜன், ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். என் வயதுதான் இருக்கும். நான் நிரந்தரம், அவர் தற்காலிகம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவருடைய வேலை இன்னும் ஓர் ஆண்டுக்கு நீட்டிக்கப்படும். நெற்றியில் மெல்லிய திருமண் இட்டுக்கொண்டு, லேசர் குழாயை வேட்டியில் சுற்றி மடியில் வைத்தபடி பஸ்ஸில் வருவார். ஒரு கண்டக்டர் அதை வீணை என்று நினைத்து, லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு, "எங்க கச்சேரி?" என்று கேட்டாராம். "இன்னும் சுருதி சேரலே" என்று சொல்லிவிட்டு வந்தார். அது உண்மையும்கூட.

லேசரைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. கணக்குப் பிரிவிலிருந்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக மட்டும் கொஞ்சம். கண்ணாடிக் குழாய்க்குள் கரியமில வாயுவை, வெளிக்காற்றைவிட மிகக் குறைந்த அழுத்தத்தில் அடைத்து மின்சாரம் பாய்ச்சினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வரும். அதன் நிறத்தை, அதாவது அலைநீளத்தை, நிறமாலையில் பார்த்தால் மெல்லிய கோடாக இருக்கும். அதைத்தான் வரி என்கிறோம். வாயு மூலக்கூறுகளுக்கு நெருக்கடி இல்லாதவரை ஒவ்வொன்றும் தன் சுருதியில் நிற்கும். வரி மெலிதாக இருக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் ஒன்றை ஒன்று இடிக்கத் தொடங்கும். சொர்க்கவாசல் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே பாடுகிறவரின் சுருதி எப்படி இருக்குமோ, அப்படி ஆகிவிடும். வரி அகலமாகிவிடும்.

வரி மெலிதாக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. வெயில் ஏறி, லேசரைத் தாங்கும் உலோகச் சட்டம் துளி நீண்டாலும் கதிரின் நிறம் வரியின் உச்சியிலிருந்து நழுவும். உடனே கதிர் பலவீனமாகும், மீட்டரில் முள் இறங்கும். ரங்கராஜன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு திருகைத் தொட்டுத் தொட்டு அதைத் திரும்ப உச்சிக்குக் கொண்டுவருவார். நாள் முழுக்க அதுதான் அவர் வேலை. ஆனால் அந்தத் தொல்லைதான் எங்களுக்குக் காவல். முள் இறங்குகிறது என்றால், 'நான் இடம் மாறிவிட்டேன்' என்று லேசர் நம்மிடம் சொல்கிறது என்று பொருள். வரி அகலமாகிவிட்டால் உச்சி மைதானம் மாதிரி தட்டையாகிவிடும். நிறம் அந்த மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் உலாவலாம். முள் அசையாது. யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

இனி தொட்டிக்கு வருகிறேன்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்கவென்று ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னத் தெருவின் முனையில் புதிதாக மேல்நிலைத் தொட்டி கட்டியிருந்தார்கள். நிரப்புவதற்கு முன் அதன் கால்கள் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க ஒரு பெரிய அதிகாரி ஆசைப்பட்டார். அவர் எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். எங்கள் தலைவர் எங்கோ ஒரு கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிறார். பாயசம் வருவதற்குள் லேசரால் அளந்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

அளப்பது வெறும் பேச்சில்லை, முடியக்கூடியதுதான். தொட்டியில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பொருத்தி, தூரத்திலிருந்து கதிரை அடித்துத் திருப்பினால், தொட்டி தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலும் நகர்வை எண்ணிக் காட்டும் எங்கள் கணக்கியில் ஒரு எண் கூடும். இருநூறு மீட்டர் தள்ளி ஒரு சத்திரத்தின் மாடியில் தகரக் கொட்டகை போட்டு, லேசரை அங்கே வைத்தோம். ஒரு வாரம் சோதித்தோம். முள் இறங்கும், ரங்கராஜன் திருகுவார், முள் ஏறும். தொட்டி நல்ல பிள்ளையாக நின்றது.

அதிகாரி வருகிற நாள். மார்கழிப் பனியில் கதிர் கொஞ்சம் சோர்ந்துதான் திரும்பி வந்தது. கீழே ஜீப் சத்தம் கேட்டதும் தலைவர் மீட்டரைப் பார்த்தார். முள் வழக்கம்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது, காய்ச்சல் கண்டவன் நாடி மாதிரி ஆடுது? அவர் பார்த்தா என்ன நினைப்பார்?" என்று சொல்லி, வாயுக் குழாயின் திருகைத் தானே திறந்துவிட்டார்.

"சார், அழுத்தம் கூட்டினா வரி அகலும்" என்றேன்.

"அகலட்டுமே. ரோடு அகலமானா நல்லதில்லையா? வரி மட்டும் ஏன் ஒடுக்கமா இருக்கணும்?"

முள் மேலே ஏறியது. ஏறியது மட்டுமில்லை, அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வாரமாக ஒரு நிமிஷம் சும்மா இருக்காத முள், ஃபோட்டோவுக்கு நிற்பது போல நின்றது. தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தியா? ரங்கராஜா, நீ இனிமே திருகிட்டு உட்கார வேண்டாம். அதிகாரிக்குக் காபி சொல்லிட்டு வா."

அதிகாரி உதவியாளருடன் மேலே வந்தார். கூடவே ஒரு பத்திரிகைக்காரர். தலைவர் மெல்லிய குச்சியால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டே போனார். வெயில் தகரத்தில் விழ ஆரம்பித்தது. காபி வருவதற்குள் கணக்கி ஓடத் தொடங்கிவிட்டது. முதலில் ஒன்று, இரண்டு. பிறகு ரயில்வே ஸ்டேஷன் எடை மிஷினில் சக்கரம் சுற்றுமே, அப்படி.

"இது என்னங்க ஓடுது?" என்றார் அதிகாரி.

தலைவர் கணக்கியைப் பார்த்தார். ஒரு கணம் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பத்திரிகைக்காரர் பென்சிலை எடுத்துவிட்டார். ஒரு விஞ்ஞானி 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்வதற்கு மிகவும் தகுந்த நேரம் அது. பென்சிலைப் பார்த்ததும் அந்த நேரம் போய்விட்டது.

"தொட்டி நகருது" என்றார் தலைவர்.

"நகருதா? எவ்வளவு?"

"இப்போதைக்கு மில்லிமீட்டர் கணக்கு. ஆனா நிக்காம நகருது."

தண்ணீரே ஏற்றாத தொட்டி எதற்கு நகர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பெரிய கருவி ஒன்று பெரிய எண்ணைக் காட்டும்போது சின்னக் கேள்விகள் தொண்டைக்குள்ளேயே தங்கிவிடும். அதிகாரி நல்ல மனிதர், அதனால்தான் இன்னும் ஆபத்து. தொட்டி சரிந்தால் அடியில் இருக்கும் தெரு என்னவாகும் என்று நினைத்தவருக்கு வியர்த்துவிட்டது. அங்கேயே உத்தரவு போட்டார். தொட்டியை உபயோகிக்கக் கூடாது. அடியில் இருக்கும் வீடுகளைப் பொழுது சாய்வதற்குள் காலி செய்ய வேண்டும். உத்தரவைப் போட்டுவிட்டு, தலைவரையும் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார். தலைவர் படியிறங்கும்போது, "யாரும் எதையும் தொடாதீங்க" என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் தெருவுக்கு இறங்கிப் போனேன். அதற்குள் சேதி வந்துவிட்டிருந்தது. ஒரு வீட்டு வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார் ஒரு அம்மாள். சரோஜா என்று பெயர். உள்ளே நிறைமாதமாக அவருடைய மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"லால்குடிலேருந்து பிரசவத்துக்குக் கூட்டிட்டு வந்து பத்து நாள் ஆவல" என்றார் சரோஜா. "இப்ப எங்கங்க தூக்கிட்டுப் போறது? இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா."

"இருங்கம்மா, அவசரப்படாதீங்க" என்றேன்.

"நாங்களா அவசரப்படுறோம்?"

நான் தொட்டிப் பக்கம் நடந்தேன். தொட்டியின் காலடியில் காண்டிராக்டர் குந்தியிருந்தார். உருண்டையான மனிதர், அன்றைக்கு ஒடுங்கிப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்க. நகருதா?"

"எனக்கு இன்னும் நிச்சயமாத் தெரியலீங்க. சந்தேகமா இருக்கு."

"நகரும்மா" என்றார் தாழ்ந்த குரலில். "நகரத்தான் செய்யும். கட்டுனவன் நான். எனக்குத் தெரியாதா?"

அந்தத் தொட்டியின் நேர்மையில் ஊரில் ஒருவருக்குமே நம்பிக்கை இல்லை, கட்டியவர் உட்பட. அதன் பக்கம் பேச இருநூறு மீட்டர் தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். எங்களிடமும் ஆதாரம் இல்லை.

நான் திரும்பி வந்தபோது ரங்கராஜன் கணக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டகைக்குள் அடுப்பங்கரை மாதிரி சூடு. காற்றுக்காகக் கதவை அகலத் திறந்தேன். ஆற்றுப் பக்கத்திலிருந்து ஜிலுஜிலுவென்று காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் கணக்கி தயங்கியது. பிறகு நின்றது.

"கதவை மூடுங்கோ" என்றார் ரங்கராஜன்.

மூடினேன். கொட்டகை சூடாகச் சூடாகக் கணக்கி மறுபடி ஓட ஆரம்பித்தது. திறந்தேன், நின்றது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருநூறு மீட்டர் தள்ளியிருக்கும் கான்கிரீட் தொட்டி, எங்கள் கொட்டகைக் கதவைத் திறந்தால் நிற்கிறது, மூடினால் நடக்கிறது.

நடந்தது இதுதான். சூட்டில் லேசரின் சட்டம் நீள, கதிரின் நிறம் மெல்ல நழுவியது. நிறம் நழுவினால் அத்தனை தூரத்தில் அது தொட்டி நகர்ந்தது போலவே கணக்காகும். வரியின் ஓரத்துக்குப் போனதும் நிறம் சட்டென்று மறு ஓரத்துக்குத் தாவி, மறுபடி நழுவத் தொடங்கும். மெல்ல நழுவியதையெல்லாம் கணக்கி ஒழுங்காக எண்ணியது. தாவித் திரும்பியது ஒரு நொடியில் முடிந்துவிட்டதால் அதை எண்ணத் தவறியது. ஆகவே தொட்டி ஒரே பக்கமாக நடந்துகொண்டே இருந்தது. மெல்லிய வரியாக இருந்திருந்தால் முதல் நழுவலிலேயே முள் இறங்கிக் காட்டிக்கொடுத்திருக்கும். அகலமான வரியில் முள் நிம்மதியாக நின்றது. நாங்களும் அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தோம்.

தலைவர் மட்டும் முதலில் திரும்பி வந்தார். வாயில் வெற்றிலை. நான் விஷயத்தைச் சொன்னேன். கதவைத் திறந்து மூடிக் காட்டினேன். இரண்டாவது முறை மூடும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்; மனிதர் இயற்பியலில் கெட்டிக்காரர். அடுத்த நிமிஷம் அவருக்குள்ளிருந்து வேறு யாரோ பேசினார்.

"புரியுதும்மா. ஆனா சொல்லியாச்சே."

"திரும்பச் சொல்லிடலாம் சார். அழுத்தத்தைக் குறைச்சு, முன்ன மாதிரி ஓட்டிக் காட்டலாம்."

"குறைச்சா முள்ளு ஆடும். மிஷின் தப்புன்னு ஆயிடும். நாளைக்கு யார் நமக்குப் புது பில்டிங் கொடுப்பாங்க?"

"இப்போ தொட்டி தப்புன்னு ஆயிருக்கே சார்."

"தொட்டிக்குப் புது பில்டிங் தேவையில்லையே" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பிறகு ரங்கராஜன் பக்கம் திரும்பி, மிருதுவாக, "உன் ஆர்டர் பொங்கலுக்கு வரணும். ஞாபகம் வச்சுக்கோ" என்றார்.

ரங்கராஜன் கணக்கியின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு வீட்டில் இரண்டு குழந்தைகள், ஓய்வூதியம் இல்லாத அப்பா. எனக்கு நிரந்தர வேலை. ஆகவே பேச வேண்டியவள் நான்தான் என்று நினைத்தேன். ஆனால் பேசி என்ன பிரயோஜனம்? தலைவரிடம் பேசினால் அவருக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். அதிகாரியிடம் வரி, அழுத்தம் என்று பேசினால் அவருக்குத் தெரியாததைச் சொல்கிறேன். இரண்டிலும் தெரு காலியாகிவிடும்.

"நிச்சயமா நகராத ஒண்ணு மேல கதிரை அடிச்சுப் பார்க்கணும்" என்றேன் ரங்கராஜனிடம். "அவரே கண்ணால பார்க்கிற மாதிரி. அதுக்கும் கணக்கி ஓடினா, கோளாறு எங்கன்னு யாருக்கும் விளக்க வேண்டாம்."

"நகராத ஒண்ணா?" ரங்கராஜன் கொட்டகையின் சின்ன ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "எங்க ஊர்ல அதுக்கா பஞ்சம்?"

ஜன்னலுக்கு நேரே, ஏறத்தாழ தொட்டி இருந்த அதே தூரத்தில், மொட்டைக் கோபுரம் நின்றது. ராஜகோபுரமாக எழும்புவதற்கு முன் பல நூறு வருஷம் பாதியிலேயே நின்ற அந்தக் கருங்கல் மலையை உங்களில் வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள்.

ரங்கராஜன் கையிருப்பில் இருந்த இன்னொரு கண்ணாடியையும் அதன் தாங்கியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். தலைவர், "ரங்கராஜா, எங்க போறே?" என்றார். "சேவிச்சுட்டு வந்துடறேன் சார்" என்று குரல் மட்டும் கீழேயிருந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் கோபுரத்தின் அடிக்கல்லில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டு அங்கிருந்து கையை ஆட்டினார். நான் கதிரைத் திருப்பினேன்.

அப்போதுதான் அதிகாரி மேலே வந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "ஒப்பிட்டுப் பார்க்கிறோம் சார்" என்றேன். தலைவரால் தடுக்கவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

கதவு மூடியிருந்தது. கணக்கி ஓடியது.

"இப்போ எது ஓடுது?" என்றார் அதிகாரி.

"கோபுரம் சார்."

"எந்தக் கோபுரம்?"

ஜன்னலைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தை நான் மறக்கவே மாட்டேன். அவரை அறியாமலே அவர் கால்கள் செருப்பை உதறிவிட்டன.

"கோபுரமும் நகருதா?"

"தொட்டி நகர்ந்த அளவுக்கு நகருது சார்."

அவர் உதவியாளர் பக்கம் திரும்பினார். "இதையும் எழுதிக்க..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டார். மூச்சிரைக்கப் படியேறி வந்திருந்த ரங்கராஜன் வாசலில் நின்றபடியே சொன்னார்:

"எழுதிக்கட்டும் சார். ஏகாதசிக்கு முன்னாடி அதையும் காலி பண்ணிடலாம். பெருமாள் எங்க எழுந்தருளணும்னு இடத்தை மட்டும் சொல்லிடுங்கோ. அடியேனே உள்ளே போய் விண்ணப்பிச்சுக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் உதவியாளர் சிரித்துவிட்டார், உடனே நிறுத்தியும் விட்டார். நான் கதவைத் திறந்தேன். கோபுரம் நின்றது. மூடினேன். நடந்தது. மூன்றாம் முறை அதிகாரியே வந்து கதவைத் திறந்தார். ஒரு குழந்தையின் ஆவலோடு திறந்து மூடிப் பார்த்தார்.

நான் வாயுவைக் குறைத்தேன். முள் கீழே வந்து பழையபடி ஆடத் தொடங்கியது. ரங்கராஜன் தன் இடத்தில் உட்கார்ந்து திருகைப் பிடித்தார். கதிரைத் தொட்டிக்குத் திருப்பினோம். கணக்கி அசையவில்லை. அதிகாரி தண்ணீர் ஏற்றச் சொன்னார். தண்ணீர் ஏற ஏற, ஒரு நல்ல தொட்டி எவ்வளவு அமுங்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் எண்கள் கூடின. நிரம்பியதும் நின்றுவிட்டன.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். தெரு பிழைத்ததில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் சந்தோஷத்துக்கு நடுவே இன்னொரு கவலை வந்துவிட்டது. "எல்லாம் சரி. உத்தரவு போட்டுட்டேனே. இப்ப என்னன்னு சொல்லி அதைத் திரும்ப வாங்குறது?"

தலைவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "கோளாறு கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டதுன்னு போடுங்க சார். பொய்யில்லையே."

பொய்யில்லைதான். எந்தக் கோளாறு என்று மட்டும் அதில் இல்லை. மாலைக்குள் சாக்குகள் அவிழ்ந்தன, பாத்திரங்கள் வீட்டுக்குள் போயின. சரோஜாவின் மகளுக்கு இரண்டு நாள் கழித்து அதே வீட்டில் பெண் குழந்தை பிறந்தது.

பத்திரிகையில், லேசர் கதிரால் தொட்டி நிலைநிறுத்தப்பட்டது என்று செய்தி வந்தது. எங்கள் தலைவர் தூரத்திலிருந்தே தொட்டியைப் பிடித்து நிறுத்தியவர் ஆகிவிட்டார். பொன்னாடை போர்த்தினார்கள். செய்தியின் அடியில், அழுத்தம் கூடியதால் வரி அகலமானதே சிக்கலுக்குக் காரணம் என்று நான் சொன்னதையும் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். அடுத்த நாள் வீட்டு வரி கட்டும் இடத்தில் ஒரே கூட்டமாம், எவ்வளவு அகலமாகியிருக்கிறது என்று கேட்டு.

காண்டிராக்டரை மட்டும் யாராலும் சமாதானப்படுத்த முடியவில்லை. தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று நானே போய்ச் சொன்னேன். "உங்க நல்ல மனசுக்குச் சொல்றீங்க" என்றார். யாரும் கேட்காமலே ஆளைக் கூட்டி வந்து நான்கு கால்களுக்கும் இன்னொரு சுற்றுக் கான்கிரீட் போட்டுவிட்டார். தவறான அளவீட்டால் ஒரு கட்டடம் உறுதியானதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

உங்களுக்கு நான் சொல்ல வந்த இடம் இதுதான். கருவி ஆடினால் பயப்படாதீர்கள். ஆடுகிற கருவி உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது. பெரிய மனிதர் வரும் நாளில் திடீரென்று ஒழுங்காகிவிட்ட கருவியைப் பார்த்தால் பயப்படுங்கள். வாயைத் திறப்பதற்கு முன், நகராது என்று நீங்கள் உயிரை வைத்துச் சொல்லக்கூடிய ஒன்றின்மேல் அதைத் திருப்பிப் பாருங்கள். இதற்குப் புத்திசாலித்தனம் அதிகம் வேண்டாம். படியிறங்கிப் போகிற கால் வேண்டும். அந்தக் கால் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் அழுத்தம் கூடும்போது அது எங்கே போகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இத்தோடு முடித்திருந்தால் கேட்க நன்றாக இருந்திருக்கும். பொங்கல் வந்தது. ரங்கராஜனுக்கு நீட்டிப்பு வரவில்லை. அறிவியல் ஆய்வில் சமய விஷயங்களைக் கலந்தார் என்பது காரணம். கோபுரத்தில் கண்ணாடி வைத்ததைத்தான் சொல்கிறார்கள் என்பது புரிய எங்களுக்கே கொஞ்ச நேரம் ஆனது. தலைவர் அன்றைக்கு அறையை விட்டு வெளியே வரவில்லை.

மாலையில் ரங்கராஜன் தன் மேஜையிலிருந்ததை ஒரு துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் கூடவே பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"நானும் ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன்" என்றேன். "இந்த இடத்துல இனிமே என்ன இருக்கு?"

அவர் நடப்பதை நிறுத்தினார். நாங்கள் சேர்ந்து வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அவர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"அசடு மாதிரி பேசாதீங்கோ. நான் போயாச்சு. நீங்களும் போயிட்டா, அடுத்த தடவை ஏதாவது நகர்றச்சே அங்க யார் இருப்பா?"

ஸ்ரீரங்கம் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ் வந்தது. உட்கார இடமில்லை. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்றபடி அவர் போனார்.

நான் திரும்பி நடந்து ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். தலைவர் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், நாளையிலிருந்து ரங்கராஜனின் நாற்காலியில் நான்தான் உட்காருவேன் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார். ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.